வீட்டு ஜெல்லிஃபின் சர்வரில் படம் திக்கித் திக்கி ஓடுவது ஏன்?

மஞ்சக்குப்பம் வீட்டில் ஜெல்லிஃபின் (நம்மிடம் உள்ள படங்களை டிவி, போனுக்கு அனுப்பும் மென்பொருள்) ஓடும் சர்வரில் இருக்கும் 4கே படம் லாஸ்பேட்டையில் அக்கா வீட்டு டிவியில் திக்குகிறது, சிபியூ 100% தொடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இணையத்தைத் திட்டுவதற்கு முன், படம் ஓடும்போதே ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்து டிரான்ஸ்கோடிங்குக்கு (டிவிக்கு ஏற்றபடி வீடியோவை சர்வர் ஓட ஓட மாற்றுவது, சிபியூவைத் தின்பது இதுதான்) என்ன காரணம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பல நேரம் சப்டைட்டில்தான்: ப்ளூரேயிலிருந்து வரும் பிஜிஎஸ் வகை சப்டைட்டில் எழுத்தே அல்ல, இமேஜ். அதைக் காட்டத் தெரியாத டிவிக்காக சர்வர் அதை வீடியோ மேலேயே பதித்து, முழுவதையும் திரும்ப என்கோட் செய்ய வேண்டியிருக்கிறது. எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி சப்டைட்டிலுக்கு மாற்றிப் பாருங்கள்.

டாஷ்போர்டில் காரணம் பிட்ரேட் (நொடிக்கு அனுப்ப வேண்டிய டேட்டா அளவு) அதிகம் என்று இருந்தால் டிரான்ஸ்கோடிங் தேவைதான். அப்போது சிபியூவுக்குப் பதில் இன்டெல் ஜிபியூவே (கிராபிக்ஸ் பகுதி) இந்த வேலையைச் செய்யும் குவிக் சிங்கை ஆன் செய்யுங்கள், 10 பிட் ஹெச்இவிசி என்ற வீடியோ வடிவத்துக்கு 7ஆம் தலைமுறை சிப்பாவது வேண்டும். அப்புறம், ஜெல்லிஃபினை டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை) ஓட்டினால் ஜிபியூவை அந்தக் கன்டெய்னருக்குள் தனியாகக் கொடுக்க வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.