பெர்சிமிலிஸ் மகரந்தத்தில் பெருகாது

மகரந்தத்தை எவ்வளவு தூவினாலும், பெர்சிமிலிஸ் என்ற இரைதின்னிச் சிற்றுண்ணி முட்டையிடாது. இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திதான் அதற்குச் சாப்பாடு. வெள்ளரிப் பசுமைக்குடிலில் அதை விட்டுப் பத்து நாளாகியும் பெருகவில்லை என்கிறீர்கள். விடுவதற்கு முன்பே மருந்தடித்து இரையைத் துடைத்துவிட்டிருக்கலாம். பசித்த பெண் பெர்சிமிலிஸ் முதலில் நிறுத்துவது முட்டையிடுவதைத்தான். இரை தாராளமாக இருந்தால் நாளுக்கு நாலைந்து இடும்.

10 மடங்கு லென்ஸில் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உருண்டையாக இருப்பது செஞ்சிலந்தி முட்டை. அதைவிடப் பெரிதாக, நீள்வட்டமாக, லேசான ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் பெர்சிமிலிஸுடையது. அது கண்ணில் பட்டால் சரி, இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். காற்று ரொம்ப வறண்டிருந்தால் அந்த முட்டைகள் பொரிக்காமலே காய்ந்துவிடும், அதையும் கவனியுங்கள்.

மகரந்தத்திலேயே பெருகக்கூடியது ஸ்விர்ஸ்கி என்ற இன்னொரு இரைதின்னிச் சிற்றுண்ணி. சம்பங்கோரை மகரந்தம் அதற்குப் போதும். ஆனால் செஞ்சிலந்தியின் அடர்ந்த வலைக்குள் அது திணறும்.