செல்ஃப் அடித்தாலும் அணையாத கம்ப்யூட்டர்: வாகன வயரிங் கேள்வி பதில்

காரைக்குடியைச் சுற்றி, வண்டிக்குள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. எந்த மாடல் வாங்குவது என்று கேட்டவர்கள் குறைவு. கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எல்லோரும் சிக்கியிருக்கிறீர்கள், அதனால் பதிலும் பெரும்பாலும் அதைப் பற்றியே.

தேவகோட்டையில் இருந்து: அண்ணே, எங்கள் கல்யாணச் சமையல் வேனில் பில் போட மினி பிசி வைத்திருக்கிறோம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் இன்வெர்ட்டர் மாட்டி ஓடுகிறது. செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா?

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. செல்ஃப் மோட்டார் இழுக்கும் அந்த நொடியில் 12 வோல்ட் பேட்டரி 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம், பழைய பேட்டரி என்றால் 7கூட வரும். போதாததற்கு, பல வண்டிகளில் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது அந்த சாக்கெட்டுக்குப் போகும் சப்ளையையே வண்டி துண்டித்துவிடும். இன்வெர்ட்டர் அணைகிறது, கூடவே கம்ப்யூட்டரும்.

முதலில் இன்வெர்ட்டரைக் கழற்றுங்கள். 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அடாப்டர் அதைத் திரும்ப 19 ஆக இறக்குவது வீண் வேலை. இரண்டு இடத்திலும் 15 சதவீதம் போனால் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் சூடாகப் போய்விடும். அதற்குப் பதில், 6 முதல் 30 வோல்ட் வரை எது வந்தாலும் 19 வோல்ட்டை நிலையாகத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வாங்குங்கள். ஏற்றவும் இறக்கவும் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

இனி வயர். பேட்டரி பிளஸ்ஸில் இருந்து நேராகத் தனி லைன் இழுங்கள். 65 வாட் மினி பிசி 12 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் கேட்கும். பேட்டரியில் இருந்து 4 மீட்டர் தூரம் என்றால் போக வர 8 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே 0.8 வோல்ட் போய்விடும், 2.5 போட்டால் 0.35க்குள் அடங்கும். பியூஸ் 10 ஆம்பியர். அது பேட்டரி முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பக்கத்தில் பியூஸ் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பியூஸ் காப்பாற்றுவது வயரை. பானட்டுக்குள் வயர் உரசி பாடியில் பட்டால், கேபினுக்குள் இருக்கும் பியூஸால் எதுவும் செய்ய முடியாது, வயர் எரியும். தகட்டுத் துளை வழியே வயர் போகும் இடத்தில் ரப்பர் புஷ் கட்டாயம்.

அதே கேள்வியின் தொடர்ச்சி: நேராகப் பேட்டரியில் எடுத்தால் வண்டி நிறுத்திய பிறகும் ஓடிக்கொண்டே இருக்குமே?

இருக்கும். அதற்குத்தான் சாவி வயர். சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் மெல்லிய வயர் ஒன்றை, 1 ஆம்பியர் பியூஸோடு, கன்வெர்ட்டரின் இக்னிஷன் முனையில் கொடுங்கள். கம்ப்யூட்டருக்கு வேண்டிய கரண்ட் அந்த வயரில் போகக் கூடாது, சாவி இருக்கிறதா இல்லையா என்ற சேதி மட்டும்தான் போக வேண்டும். வண்டிகளுக்கென்றே செய்த கன்வெர்ட்டர் சாவி எடுத்ததும் சிறிது நேரம் பொறுத்து, பவர் பட்டனை அழுத்துவது போல ஒரு துடிப்பு அனுப்பும். விண்டோஸ் ஒழுங்காக மூடிக்கொள்ளும், பிறகு கரண்ட் நிற்கும். இந்த வசதி இல்லாததை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

புதுவயல்: ராஸ்பெரி பை என்ற குட்டி போர்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். 5 வோல்ட்டுக்கு இறக்க 7805 ஐசி போட்டேன், கை வைக்க முடியாத சூடு. மெமரி கார்டும் அடிக்கடி கெடுகிறது.

7805 மிச்ச வோல்ட்டை முழுவதும் சூடாக்கித்தான் குறைக்கும். வண்டி ஓடும்போது 14 வோல்ட், நமக்கு வேண்டியது 5. ஒரு ஆம்பியருக்கு 9 வாட் சூடு. அதோடு, பை 4 மாடலுக்கு 3 ஆம்பியர் வரை கொடுக்கத் தெரிந்த சப்ளை வேண்டும், பை 5 என்றால் 5 ஆம்பியர். அதிகம் சூடாகாமல் வோல்ட்டை இறக்கும் பக் கன்வெர்ட்டர் போடுங்கள்.

கார்டு கெடுவது, எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போவதால். சாவி வயரை, சேதியை ஒளி வழியாக மட்டும் கடத்தும் பிசி817 ஆப்டோ கப்ளர் மூலம், பையின் சிக்னல் முனையான ஜிபிஐஓவுக்குக் கொடுத்து, சாவி போனதும் தானே ஷட்டவுன் ஆகும்படி செய்யுங்கள். சப்ளையை ஒரு நிமிடம் கழித்துத் துண்டிக்க ஆஃப்-டிலே டைமர் ரிலே போதும். 12 வோல்ட்டை நேராக ஜிபிஐஓவில் கொடுத்தால் போர்டு அப்போதே போய்விடும். அது 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

கானாடுகாத்தான்: நாங்கள் இருப்பது சென்னையில். பொங்கலுக்கும் விசேஷங்களுக்கும்தான் ஊருக்கு வருகிறோம். வீட்டில் நிற்கும் காரில் கேமராவும் கம்ப்யூட்டரும் வைத்த பிறகு, ஒவ்வொரு முறை வரும்போதும் பேட்டரி செத்துக் கிடக்கிறது.

ஆச்சி, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் கன்வெர்ட்டர் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். அது 30 மில்லி ஆம்பியர்தான் என்றாலும் ஒரு மாதத்தில் 21 ஆம்பியர் மணிக்கு மேல் ஆகிறது. உங்கள் 45 ஆம்பியர் மணி பேட்டரியில் அது ஏறக்குறைய பாதி. கேமரா விடாமல் ஓடி அரை ஆம்பியர் இழுத்தால் நான்கு நாள்கூடத் தாங்காது. லெட் ஆசிட் பேட்டரியை இப்படி அடிவரை இறக்கி அப்படியே விட்டால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகிவிடும், பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

வோல்ட் குறைந்ததும் லைனைத் துண்டிக்கும் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று போடச் சொல்லுங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.2 வோல்ட் காட்டினால் பாதிதான் மிச்சம், அந்த இடத்திலேயே வெட்டட்டும். ஊருக்குக் கிளம்பும் நாளில் பியூஸைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்துவிடுவது இதையெல்லாம்விட எளிது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொன்னாலே செய்துவிடுவார்.

கோட்டையூர்: அப்பா காலத்து மோரிஸ் மைனர் இன்னும் ஓடுகிறது. அதில் பாட்டும் மேப்பும் வர ஒரு சின்ன கம்ப்யூட்டர் வைக்க ஆசை. எலக்ட்ரீஷியன் பயப்படுகிறார்.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, நல்ல வேலைக்காரர். அந்தக் காலத்து மோரிஸ், ஆஸ்டின் வண்டிகளில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் இருக்கும். கம்ப்யூட்டரின் உலோகப் பெட்டி, யூஎஸ்பி ஓடு, ஆன்டெனா வயரின் வெளிச்சுற்று எல்லாம் மைனஸ். அதில் ஒன்று பாடியில் பட்டாலும் நேர் ஷார்ட். முதலில் மீட்டர் வைத்து உங்கள் வண்டியில் எது பாடியில் இருக்கிறது என்று பாருங்கள், இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். பிளஸ் எர்த் என்றால், உள்ளே வருவதும் வெளியே போவதும் தொடர்பில்லாத ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் வாங்குங்கள். வண்டியையே மைனஸ் எர்த்துக்கு மாற்றுவதும் நடக்கிற காரியம்தான், பேட்டரியைத் திருப்பிய பிறகு டைனமோவின் காந்தத்தையும் புதிய பிளஸ்-மைனஸுக்கு ஏற்ப மறுபடி போலரைஸ் செய்ய வேண்டும். இத்தனை வருடம் காப்பாற்றிய வண்டியில் ஒரு கம்ப்யூட்டருக்காக அதைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. இன்னொன்று: டைனமோ ஐடிலிங்கில் சார்ஜ் கொடுக்காது. நின்றபடி பாட்டுக் கேட்டால் பேட்டரியில் இருந்துதான் போகும்.

பிள்ளையார்பட்டிக்கு டூர் பஸ் ஓட்டுபவர்: காருக்கு வாங்கிய கன்வெர்ட்டரை பஸ்ஸில் போடலாமா?

பெரிய பஸ் பெரும்பாலும் 24 வோல்ட், ஓடும்போது 28. கன்வெர்ட்டரில் 30க்கு மேல், முடிந்தால் 36 வரை என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டு பேட்டரியில் ஒன்றில் மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒன்று இறங்கும், மற்றொன்று ஓவர் சார்ஜ் ஆகும்.

பள்ளத்தூர்: ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஸ்பீக்கரில் ஒரு ஊளைச் சத்தம் ஏறுகிறது.

கம்ப்யூட்டருக்கு ஒரு இடத்தில் எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு வேறு இடத்தில் எர்த் என்று இருக்கும். இரண்டையும் ஒரே போல்ட்டில், பெயின்ட்டைச் சுரண்டி, லக் வைத்து இறுக்குங்கள். முக்கால்வாசி அதிலேயே போய்விடும். மிச்சம் இருந்தால் ஆடியோ வயரில், எர்த் வழியே சுற்றி வரும் கரண்டைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்.

காரைக்குடி: சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இன்னும் லெட் ஆசிட்டா? கம்ப்யூட்டருக்குத் தனி லித்தியம் பேட்டரி வைத்தால் என்ன?

தாராளமாக வையுங்கள். செல்ஃப் அடிப்பதும் கம்ப்யூட்டர் ஓடுவதும் ஒன்றையொன்று பாதிக்காது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாக, பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) உள்ளதாக எடுங்கள். வண்டியின் பேட்டரியோடு நேராக இணைக்காமல், நடுவில் அதற்கான டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். பானட்டுக்குள் வைக்காதீர்கள், சீட்டுக்கு அடியில் வையுங்கள். கம்ப்யூட்டருக்கும் அதுதான் இடம். சித்திரை வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும், சாதாரண எஸ்எஸ்டி தாங்கும் எல்லையே அதுதான். சீட்டுக்கு அடியில் வயர் இழுக்கும்போது மஞ்சள் கனெக்டர் தென்பட்டால் கை வைக்காதீர்கள். அது ஏர்பேக் லைன்.