எஞ்சின் நின்றும் ரிலே விடவில்லையா?

வண்டியின் இரண்டு பேட்டரிகளையும் எஞ்சின் ஓடும்போது இணைத்து, நின்றதும் பிரிக்க வேண்டிய ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) பிரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பழுது என்று நினைத்து வேறு ரிலே வாங்காதீர்கள், பெரும்பாலும் அதில் பழுது இருக்காது. முன்னால் ஸ்டார்ட்டர் பேட்டரி லெட் ஆசிட், பின்னால் இரண்டாவது பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்கிறீர்களே, எஞ்சினை நிறுத்தியும் ரிலே பிரியாமல் இருக்க அந்தக் கலவையே போதும்.

வோல்டேஜைப் பார்த்து இயங்கும் இவ்வகை ரிலே பெரும்பாலும் 12.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் விடும். லெட் ஆசிட் ஓய்வில் 12.7-க்கு வந்துவிடும். லித்தியமோ 13.2-ஐ ஒட்டியே நின்று, இணைந்திருக்கும் லெட் ஆசிட்டையும் இறங்கவிடாது. பிறகு எப்படி விடும்?

எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து ஸ்டார்ட்டர் பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். 13-க்கு மேல் இருந்தால் லித்தியத்தின் பாசிட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள் (முனையில் டேப் சுற்ற மறக்காதீர்கள்). சற்று நேரத்தில் 'டக்' என்று ரிலே விட்டால் காரணம் லித்தியம்தான், சந்தேகமே இல்லை.

ரிலேக்குப் பதிலாக டிசி-டிசி சார்ஜர் (எஞ்சின் பக்கத்துக் கரண்டை அளவோடு லித்தியத்துக்குக் கொடுக்கும் கருவி) போடுங்கள். காசு கூடத்தான், ஆனால் லித்தியம் நேரடியாக இழுக்கும் கரண்டில் ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழன்று கரண்ட் தரும் ஜெனரேட்டர்) வேகாமல் தப்பும்.

லித்தியத்தை மட்டும் பானட்டுக்குள் வைத்துவிடாதீர்கள், அந்தச் சூடு அதற்கு ஆகாது.