பல வருஷமாகப் பாதியில் கிடக்கும் எம்ப்ராய்டரி, குரோஷா வேலைகளை எப்படி முடிப்பது?

பாதியில் விட்ட தையல் வேலைகள் பெட்டி நிறைய இருக்கின்றன, லீவு நாளில் வெளியே எடுத்தாலும் சாயங்காலம் மறுபடி உள்ளே போய்விடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நேரம் ஒதுக்குவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதலில் எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பி, ஒவ்வொன்றும் எந்தத் தையலில் நின்றது என்று பாருங்கள். அனேகமாக அந்த இடத்தில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கும். நூல் தீர்ந்திருக்கும், வரைந்த கோடு அழிந்திருக்கும், பிரெஞ்சு நாட் (நூலை ஊசியில் சுற்றிப் போடும் முடிச்சு) சரியாக வராமல் தள்ளிப் போட்டிருப்பீர்கள், இல்லையென்றால் ஒரே நிறத்தில் பின்னணி முழுக்க நிரப்ப வேண்டிய சலிப்பான பகுதி வந்திருக்கும். அந்தச் சிக்கலை மட்டும் ஒரு சீட்டில் எழுதித் துணியோடு வையுங்கள். 'மேஜை விரிப்பை முடிக்கணும்' என்று எழுதினால் கையே போகாது, 'கரும்பச்சை நூல் வாங்கணும்' என்று எழுதினால் அடுத்த தடவை கடைவீதிக்குப் போகும்போது வாங்கிவிடுவீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு மயில் அப்படித்தான் இருந்தது. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிட்ச்சாக, அதாவது பெருக்கல் குறி மாதிரித் தையலாக ஆரம்பித்தது, தோகையில் பாதி காலி, நீல நூல் ஒரு முழம்தான் மிச்சம். கடையில் அதே எண் போட்ட நூல் கிடைத்தது, ஆனால் சாயம் போட்ட தொகுதி மாறினாலே நிறம் லேசாக விலகும், இதில் பழைய நீலம் வேறு கொஞ்சம் வெளுத்திருந்தது. எம்ப்ராய்டரி நூல் ஆறு இழை சேர்ந்தது இல்லையா, நாம் தைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று இழையில்தான். அதனால் பழையதில் ஒரு இழை, புதியதில் ஒரு இழை சேர்த்துக் கோத்து, இரண்டும் சந்திக்கிற இடத்தில் சில வரிசை தைத்துவிட்டு அப்புறம் முழுக்கப் புதியதற்கு மாறினால் வித்தியாசம் கண்ணை உறுத்தாது. ஒரு கண்டு வெறும் 8 மீட்டர்தான், நிரப்பும் வேலைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

இன்னொருவர் தொடங்கியதை முடிக்கிறீர்கள் என்றால் அவர் கையைப் படிக்க வேண்டும். கிராஸ் ஸ்டிட்ச்சில் மேலே வரும் இழை எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும், மாறினால் வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். அம்மா சாய்த்த பக்கமே நானும் சாய்த்தேன். ஆனால் அவள் நூலை இழுக்கிற இறுக்கம் எனக்கு வராது. உற்றுப் பார்த்தால் எங்கே கை மாறியது என்று தெரியும், அது தெரிவது எனக்குப் பிடித்திருக்கிறது, பிரித்துச் சீர் செய்ய மனசு வரவில்லை.

துணி இன்னும் வளையத்தில் மாட்டியபடி இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள், குத்தி வைத்த ஊசியையும் எடுத்துவிடுங்கள். நாள்பட்டால் வளையத்தின் தடம் அழுக்கோடு பதிந்துவிடும், ஊசி துருப்பிடித்துக் கறை விடும். வெள்ளைப் பருத்தித் துணியில் துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம், கலர் துணியில் வேண்டாம், வெளுத்துவிடும். கோடு அழிந்திருந்தால் டிசைனை டிரேசிங் பேப்பரில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சால் தேய்த்தால் அடர்நிறத் துணியில் புள்ளி புள்ளியாக இறங்கும். வெளிர்நிறத் துணிக்கு ஜிங்க் பவுடருக்குப் பதில் நீலப் பொடி.

குரோஷாவுக்கு ஒரே எச்சரிக்கை. பழைய இடத்திலிருந்து நேராகத் தொடராதீர்கள். எத்தனை எண் ஊசியில் போட்டீர்கள் என்பது மறந்திருக்கும், கை இறுக்கமும் மாறியிருக்கும். மிச்ச நூலில் சின்னத் துண்டு ஒன்று போட்டு, பழைய பகுதியோடு வைத்து அளந்து பாருங்கள், ஒத்து வந்தால் மட்டும் தொடருங்கள். நூல் போதாதென்றால் கடைசிச் சுற்றுகளை வேறு நிறத்தில் போட்டுக் கரை மாதிரி ஆக்கிவிடலாம்.

கொக்கி ஊசியால் போடும் ஆரி வேலை ரவிக்கைத் துணிதான் மனசை அழுத்தும், ஏனென்றால் பணமும் போட்டிருப்போம், அளவும் இதற்குள் மாறியிருக்கும். முதுகு, கை எல்லாம் முடித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். முடிந்த கழுத்துப் பகுதியை மட்டும் ஓரம் விட்டு வெட்டி, புது ரவிக்கையில் வைத்துத் தைத்துவிடுங்கள். விட்டுப்போன நூல்முனையைப் பின்பக்கம் முடிச்சிட்ட பிறகே துணியை வெட்டுங்கள், ஆரி தையல் சங்கிலியாகப் போவது, முனை அவிழ்ந்தால் சரசரவென்று வந்துவிடும்.

சிலவற்றை முடிக்க வேண்டிய அவசியமே இல்லை. பிடிக்காத டிசைனைப் பிரித்து மணி, ஜமிக்கியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் கற்றுக்கொள்ளும் குழந்தைக்குக் கொடுங்கள்.

முடித்ததை அலசும் முன் சிவப்பு, கறுப்பு நூலின்மேல் ஈர வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் இறங்குகிறதா பாருங்கள். இஸ்திரி போடும்போது தடித்த துண்டின்மேல் முகம் கீழே இருக்கும்படி வையுங்கள், முடிச்சுகள் நசுங்காது. பிரேம் போடக் கொடுத்தால், பசை போட்டு ஒட்ட வேண்டாம், அட்டையின் பின்னால் துணியை இழுத்து நூலால் குறுக்கே கட்டுங்கள் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.