400 லிட்டர் எத்தனை நாளைக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் பினாங்கில் இருக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 5 வயது மகன். வரும் டிசம்பரில் தொடங்கி நான்கு மாதம், லங்காவிக்கும் புக்கெட்டுக்கும் இடையே 38 அடி பாய்மரப் படகில் குடும்பத்தோடு தங்கப்போகிறோம். படகில் 400 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. கடல்நீரை நன்னீராக்கும் ஐந்து வருடப் பழைய வாட்டர்மேக்கரும் சேர்ந்து வருகிறது. “அதிகம் ஓட்டினதே இல்லை, புதுசு மாதிரி” என்கிறார் விற்பவர். அதற்குத் தனியாகக் காசு கொடுக்கலாமா, மழைநீரைப் பிடித்தே சமாளித்துவிடலாமா? பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வரும் என்று அம்மா இப்போதே பயமுறுத்துகிறார்.

க., பினாங்கு

அன்புள்ள க.,

மழையை முதலில் மறந்துவிடுங்கள். நீங்கள் போவது வாடைக்காற்றுக் காலம். அப்போது அந்தக் கடலில் மழை குறைவு. பாய் விரிக்க எல்லோரும் அதைத் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான். 6 சதுர மீட்டர் படுதாவில் 20 மி.மீ. மழை விழுந்தால் கணக்குப்படி 120 லிட்டர். உப்பும் பறவை எச்சமும் போக முதல் தண்ணீரை வழியவிட்டு, காற்றில் சிதறியதையும் கழித்தால் 80 தேறும். ஜனவரியில் அப்படி ஒரு மழைக்கு வாரக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செப்டம்பரில் போகிறவர் கேட்டிருந்தால் என் பதிலே வேறு.

இனி தொட்டிக் கணக்கு. நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் 14 லிட்டர், கடல்நீரில் கழுவிய பாத்திரத்தை அலச 4, குளித்தபின் உப்புப் போக ஆளுக்கு 3, பல் தேய்க்க, முகம் கழுவ 4. ஒரு நாளைக்கு 34 லிட்டர் ஆகிறது. கால்வாசியைத் தொடாமல் வைத்தால் மீதி 300 லிட்டர் எட்டு நாளைக்கு மேல் வரும். துணியை இதில் சேர்க்கவில்லை. கரையில் டோபிக் கடை இருக்கும்போது படகில் துவைப்பது வீண்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது குழாய். படகின் பிரஷர் பம்ப் நிமிடத்துக்குப் பத்துப் பதினோரு லிட்டர் தள்ளும். உங்கள் மகன் குழாயைத் திறந்துவிட்டு அரை நிமிடம் பல் தேய்த்தால் ஐந்து லிட்டர் காலி. அடுப்படி சிங்க்கில் கால்மிதி பம்ப் ஒன்றைப் பொருத்துங்கள். மிதித்தால்தான் தண்ணீர் என்றால் பிள்ளைகள் தாமாகவே சிக்கனமாகிவிடுவார்கள். எந்தக் குழாயும் திறக்காதபோது ராத்திரியில் பம்ப் ஒரு நொடி ‘கர்ர்’ என்று ஓடி நின்றால், எங்கோ ஒரு இணைப்பு கசிகிறது என்று அர்த்தம். அந்த இணைப்பின் ஹோஸ் கழன்றே போனால் நாற்பது நிமிடத்துக்குள் 400 லிட்டரும் படகின் அடித்தளத்தில் கொட்டிவிடும். பில்ஜ் பம்ப் அதை ஒழுங்காகக் கடலில் இறைத்துவிடும். காலையில் எழுந்தால் அடித்தளம் காய்ந்திருக்கும், தொட்டியும் காய்ந்திருக்கும். படுக்கப்போகும் முன் பிரஷர் பம்பின் சுவிட்சை அணைப்பதை வழக்கமாக்குங்கள்.

இப்போது வாட்டர்மேக்கர். “ஓட்டினதே இல்லை” என்பது அதற்கு நற்சான்று அல்ல, குற்றப்பத்திரிகை. கடல்நீரைச் சுமார் 55 பார் அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளும் கருவி அது. ஓட்டாமல் விட்டால் உள்ளே தங்கிய கடல்நீரில் உயிரிகள் செத்து அழுகி சவ்வை அடைத்துவிடும். வடிகட்டிக் கூட்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால், புதுச் சவ்வின் விலையை மொத்த விலையில் கழித்துப் பேசுங்கள். நாற்றம் இல்லையென்றால் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி, வரும் தண்ணீரை, கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து பாருங்கள். 500 பிபிஎம்முக்குக் கீழே நின்றால் வாங்கலாம். சிறிய 12 வோல்ட் கருவி மணிக்கு ஐந்தாறு லிட்டர் தரும், நாலு ஆம்பியர் இழுக்கும். ஆறு மணி நேரம் ஓட்டினால் உங்கள் அன்றாடத் தேவை முடிந்தது.

வாங்கினால் தினமும் ஓட்டுங்கள். ஒரு வாரம் நிறுத்துவதென்றால் நன்னீரால் அலசி வையுங்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: மரினா (படகுத்துறை) குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், குளோரின் பட்டால் சவ்வு பாழ். கார்பன் ஃபில்டர் வழியாக வந்த தண்ணீரால்தான் அலச வேண்டும். தொட்டியில் நீங்களே 100 லிட்டருக்கு 10 மி.லி. வாசனையில்லாத பிளீச் கலந்திருந்தாலும் இதே விதிதான். லங்காவியின் கிலிம் ஆற்றுச் சதுப்புநிலப் பக்கம் நங்கூரம் போட்டிருக்கும்போது கருவியைத் தொடாதீர்கள். அந்தச் சேற்றுநீர் 5 மைக்ரான் வடிகட்டியைச் சீக்கிரமே அடைத்துவிடும்.

வேர்க்குரு பற்றி அம்மா சொல்வது சரி. உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், அதனால் கடல்நீர் பட்ட சட்டை காய்ந்த மாதிரி இருந்தாலும் சாயங்காலம் மறுபடி பிசுபிசுக்கும். அதைப் போட்டுக்கொண்டு புழுக்கத்தில் தூங்கினால் காலையில் கழுத்தும் முதுகும் சிவந்திருக்கும். மேலே நான் ஒதுக்கிய ஆளுக்கு 3 லிட்டரை எந்த நெருக்கடியிலும் குறைக்காதீர்கள். செடிக்கு மருந்தடிக்கும் கைபம்ப் ஸ்பிரேயர், 5 லிட்டர் அளவில், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் (மருந்து ஊற்றியது வேண்டவே வேண்டாம்). பகலெல்லாம் மேல்தளத்து வெயிலில் வைத்தால் சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீர். இரண்டு லிட்டரில் ஒரு பிள்ளையைத் தலைமுதல் கால்வரை அலசிவிடலாம். பிறகு ஈரம் போகத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிய பருத்தி உடை.

விற்பவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அந்த 400 லிட்டரும் ஒரே தொட்டியா, நடுவே வால்வு வைத்த இரண்டா? ஒரே தொட்டி என்றால், குழாயோடு சம்பந்தமில்லாத இரண்டு 20 லிட்டர் கேன்களை நிரப்பி ஏணிப்படி அருகே கட்டி வையுங்கள். வாய்வரை நிரப்பாமல் கொஞ்சம் காற்று விடுங்கள், கடலில் விழுந்தாலும் மிதக்கும்.