பழைய சாகச நாவல்களில் வரும் சர், லார்ட், கவுன்ட் இவர்களில் யார் பெரியவர்? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பிரிட்டிஷ் வரிசை. மேலிருந்து கீழாக டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன். இந்த ஐவர்தான் பிரபுக்கள். பிரிட்டனில் கவுன்ட் கிடையாது, அந்த இடத்தில் ஏர்ல். ஆனால் ஏர்லின் மனைவி கவுன்டஸ்.

இவர்களுக்கு அடுத்த படி பாரனெட். இவரை 'சர்' என்று அழைப்பார்கள். தந்தைக்குப் பின் மகனுக்கு வரும் பட்டம்தான், ஆனாலும் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் இடம் கிடைக்காது. 1611இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் இதைத் தொடங்கியதே பணத்துக்காக. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் 30 படைவீரர்களை மூன்றாண்டு வைத்திருக்கும் செலவு 1,095 பவுண்டு. அதைக் கட்டியவருக்குப் பட்டம். ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் வரும் ஹென்றி பாஸ்கர்வில், 'ஸ்கார்லெட் பிம்பர்னல்' நாவலில் வரும் பெர்சி பிளேக்னி இருவரும் பாரனெட்டுகள்.

ஆளை அடையாளம் காண, பட்டத்தை ஒட்டி வருவது சொந்தப் பெயரா குடும்பப் பெயரா என்று பாருங்கள். 'சர்' என்றால் சொந்தப் பெயர் வந்தே ஆக வேண்டும். சர் ஹென்றி சரி, சர் பாஸ்கர்வில் தப்பு. அவர் மனைவிக்கோ குடும்பப் பெயர்: பெர்சியின் மனைவி மார்கரீட், லேடி பிளேக்னி. 'லேடி மார்கரீட்' என்று எழுதினால் அவர் டியூக், மார்க்விஸ் அல்லது ஏர்லின் மகள் என்று பொருளாகிவிடும். 'லார்ட்' என்பதோடு சொந்தப் பெயர் வந்தால் அவர் டியூக் அல்லது மார்க்விஸின் இளைய மகன். மரியாதைக்காக அழைப்பது அது. சட்டப்படி அவர் சாதாரணக் குடிமகன்தான்.

பெரிய எழுத்தாளர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். கோனன் டாயில் 1892இல் எழுதிய ஹோம்ஸ் சிறுகதை ஒன்றில் ராபர்ட் செயின்ட் சைமன் ஒரு டியூக்கின் இரண்டாவது மகன். 'லார்ட் ராபர்ட்' என்றிருக்க வேண்டியவரைக் கதையில் பெரும்பாலும் 'லார்ட் செயின்ட் சைமன்' என்று எழுதிவிட்டார். 1912இல் வந்த 'தொலைந்த உலகம்' நாவலிலோ டியூக்கின் மூன்றாவது மகனை 'லார்ட் ஜான் ராக்ஸ்டன்' என்று சரியாக அழைக்கிறார். ழூல் வெர்னின் கிளெனார்வன் பிரபுக்கள் சபையில் அமரும் 16 ஸ்காட்லாந்துப் பிரபுக்களில் ஒருவர். அவர் மனைவியை வெர்ன் 'லேடி ஹெலினா' என்கிறார். ஹெலினாவின் தந்தை பட்டம் ஏதுமில்லாத ஒரு பயணி என்று வெர்னே சொல்லியிருப்பதால் 'லேடி கிளெனார்வன்' என்பதே சரி.

(இனி வருவதில் கதை முடிச்சுகள் அவிழும். படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

யார் பெரியவர் என்பதைவிட, அடுத்து யாருக்குப் போகும் என்பதுதான் இந்த நாவல்களை இழுத்துச் செல்கிறது என்பேன். பாஸ்கர்வில் குடும்பத்தில் மூன்று சகோதரர்கள். மூத்தவர் சர் சார்ல்ஸ் பிள்ளையில்லாமல் இறக்கிறார். அடுத்தவரின் மகன் ஹென்றிக்குப் பட்டமும், 7,40,000 பவுண்டும் வருகின்றன. கடைசித் தம்பி ராஜர் 1876இல் மத்திய அமெரிக்காவில் கல்யாணமே ஆகாமல் இறந்ததாக எல்லோரும் நம்புகிறார்கள். அதனால் ஹென்றிக்கு அடுத்த வாரிசாகக் கருதப்படுபவர் தூரத்து உறவான ஒரு வயதான பாதிரியார். கொலையால் யாருக்கு லாபம் என்று தேடும்போது கணக்கு இடிப்பது இங்கேதான். ராஜருக்கு ஒரு மகன் இருந்தான் என்று தெரிந்ததும் எல்லாம் பொருந்திவிடுகிறது.

குரங்குகள் வளர்த்த பிரபு மகன் டார்சானின் கதையில் முடிச்சு வேறு. அவன் எப்படி வளர்ந்தான் என்பது பட்டத்துக்குத் தேவையே இல்லை. முறைப்படி மணந்த பெற்றோருக்குப் பிறந்த மகன் என்று நிரூபித்தால் போதும். தந்தையின் நாட்குறிப்பில் பதிந்த குழந்தையின் மைக்கறை படிந்த விரல் ரேகைதான் அந்த ஆதாரம். ரேகை பொருந்தியதாகத் தந்தி வரும்போது பட்டம் அவன் சிற்றப்பா வழி உறவினனிடம் இருக்கிறது. டார்சான் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

பிரெஞ்சு நாவல்களுக்கு மேலே சொன்ன பெயர் விதி உதவாது. அங்கே பெயருக்கு முன்னால் 'து' இருப்பதும் பிரபு என்பதற்குச் சான்றாகாது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தந்தை கோம்த் (கவுன்ட்) ஆக இருக்கும்போதே மகன் ஒரு படி கீழே விகோம்த் (வைகவுன்ட்) என்று அழைக்கப்படுவான். 'மான்டி கிறிஸ்டோ' நாவலில் மீனவனாக இருந்த ஃபெர்னான் கோம்த் து மொர்செர்ஃப் ஆகிறான், மகன் ஆல்பெர் விகோம்த். தந்தையின் துரோகம் பிரான்சின் பிரபுக்கள் சபையில் அம்பலமானதும் ஆல்பெர் பட்டத்தோடு அந்தப் பெயரையும் உதறிவிட்டு, தாய் வழிப் பெயரான எர்ரேரா என்பதில் ராணுவத்தில் சேர்கிறான்.