கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: புது கர்னல் வந்தாச்சு, போடலாமா?

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு லினக்ஸ் மின்ட், உபுண்டு பக்கம் வந்தவர்கள் நம் வாசகர்களிலேயே நிறையப் பேர். அவர்களுடைய கடிதங்களில் கர்னல், அதாவது ஹார்டுவேரையும் புரோகிராம்களையும் இணைத்து ஓட்டுகிற லினக்ஸின் மையப் பகுதி, பற்றிய சந்தேகம்தான் அதிகம். அதனால் இந்த இதழில் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். பிரின்டர் பிரச்சினை எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: வீட்டில் லினக்ஸ் மின்ட் 22 போட்டிருக்கிறேன். கர்னல் 6.8 என்று காட்டுகிறது. யூடியூபில் ஒருவர், 6.18 வந்துவிட்டது, பழையதை வைத்திருப்பவர்கள் உடனே மாற்றுங்கள் என்கிறார். நான் பத்து வெர்ஷன் பின்தங்கி இருக்கிறேனா சார்? (வாசகர், கரூர்)

பதில்: இல்லை. அவர் வாரம் ஒரு வீடியோ போட்டாக வேண்டும். அதற்காக நீங்கள் கர்னல் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

லினக்ஸ் கர்னலில் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புது வெர்ஷன் வரும். முதல் இரண்டு வாரம் புதுச் சரக்கையெல்லாம் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உள்ளே சேர்ப்பார். அப்புறம் ஏழெட்டு வாரம், வாரம் ஒன்றாகச் சோதனைப் பதிப்புகள். பிறகு வெளியீடு. அதாவது ஏதோ பெரிய விஷயம் நடந்ததால் எண் ஏறுவதில்லை, காலண்டர் நகர்ந்ததால் ஏறுகிறது. முதல் எண் மாறுவதற்கும் அர்த்தம் கிடையாது. 3.19-க்குப் பிறகு 4.0, 4.20-க்குப் பிறகு 5.0, 5.19-க்குப் பிறகு 6.0. கைவிரல் கால்விரல் எண்ணி முடிந்துவிட்டது, அதனால் மாற்றுகிறேன் என்று டோர்வால்ட்ஸே கேலி செய்வது வழக்கம்.

உங்கள் மின்ட் 22, உபுண்டு 24.04-ன் மேல் கட்டியது. 6.8 வெளிவந்தது 2024 மார்ச்சில். அதை எழுதியவர்கள் அதே ஆண்டு மே மாதத்தோடு அதைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். ஆனால் உபுண்டுக்காரர்கள் அதைத் தனியாக எடுத்து 2029 வரை பராமரிக்கிறார்கள். டெர்மினலில் யூநேம் கட்டளையோடு ஒரு கோடும் சின்ன ஆர்-உம் சேர்த்து அடித்துப் பாருங்கள். 6.8.0 என்று வரும், ஒரு கோடு வரும், அதன் பின்னால் இன்னொரு எண் இருக்கும். பார்க்க வேண்டியது அந்த வால் எண்ணைத்தான். அது அவ்வப்போது ஏறிக்கொண்டே இருந்தால் யாரோ உங்கள் கர்னலைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

வால் எண் மாறுகிற அப்டேட் வந்தால் யோசிக்காமல் போடுங்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன. முன் எண் மாறினால் மட்டும் எதற்கு என்று கேளுங்கள். ஏதாவது ஹார்டுவேர் வேலை செய்யாமல் கிடக்கிறதா? இப்போதிருக்கும் வரிசைக்கு ஆயுள் முடியப்போகிறதா? இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றால் மின்ட் அப்டேட் மேனேஜரில் கர்னல் பட்டியல் இருக்கும் பக்கத்துக்கே போக வேண்டாம். என் மனைவியின் லேப்டாப்பில் கர்னல் எண் என்ன என்று எனக்கே தெரியாது. வால் மட்டும் தானாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: புது லேப்டாப்பில், தம்பி வைத்திருந்த பென் டிரைவிலிருந்து உபுண்டு 22.04 போட்டோம். வைஃபை என்ற பேச்சே இல்லை. கடைக்காரர், லினக்ஸில் வைஃபை வராது, விண்டோஸ் போடுங்கள் என்கிறார். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: கடைக்காரர் சொல்வதை விடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில், லேப்டாப்பில் உள்ள கார்டுகளின் பட்டியலில், ரியல்டெக் ஆர்டிஎல் 8852பிஇ என்று தெளிவாக இருக்கிறது. இந்த சிப்புக்கான டிரைவர் கர்னலுக்குள் வந்தது 6.2-ல், அதாவது 2023 பிப்ரவரியில். உபுண்டு 22.04 முதலில் வந்தபோது அதில் இருந்தது 5.15. அந்த கர்னல் எழுதப்பட்டபோது உங்கள் சிப்புக்கு அதில் டிரைவரே கிடையாது. லினக்ஸில் வைஃபை டிரைவர்கள் பெரும்பாலும் கர்னலோடு சேர்ந்தே வருவதால், விண்டோஸில் செய்வது போல டிரைவர் சிடி தேட வேண்டியதில்லை. கர்னல் மாறினால் டிரைவர் வந்துவிடும்.

அதனால் உங்கள் விஷயத்தில் கர்னல் ஏற்றியே ஆக வேண்டும். ஃபோனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஃபோன் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். வைஃபை இல்லாமலே நெட் வந்துவிடும். வழக்கமான அப்டேட்டைப் போடுங்கள். டெஸ்க்டாப் உபுண்டுவில் பெரும்பாலும் அதுவே புது கர்னலை இறக்கிவிடும், 22.04-க்கு அது 6.8. இறக்காவிட்டால் ‘ஹெச்டபிள்யூஇ’ என்று பெயரில் வரும் கர்னல் பேக்கேஜைத் தேடி நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய உபுண்டு பதிப்பிலும் புது ஹார்டுவேர் ஓட வேண்டும் என்பதற்காகவே உபுண்டு தருகிற வரிசை அது.

இன்னும் ஃபைல் எதுவும் ஏற்றவில்லை என்றால் இந்தச் சுற்றே வேண்டாம். 24.04-ஐப் புதிதாக இறக்கிப் போட்டுவிடுங்கள். அந்தப் பென் டிரைவைத் தம்பியிடமே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: புது வெர்ஷன் வந்தால், பாயிண்ட் மூன்று, நான்கு வரட்டும் என்று காத்திருப்பேன். நண்பரோ வந்த அன்றே போடுகிறார். யார் செய்வது சரி? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. 2021 பிப்ரவரி கடைசியில் 5.12-ன் முதல் சோதனைப் பதிப்பு வந்தது. ஸ்வாப்பை (ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படுத்தும் இடம்) தனிப் பார்ட்டிஷனாக வைக்காமல் ஒரு ஃபைலாக வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய ஆபத்து. ஸ்வாப்புக்குள் எழுத வேண்டியதை டிஸ்கில் வேறு எங்கேயோ எழுதி, ஃபைல் சிஸ்டத்தையே கெடுத்துவிடும். டோர்வால்ட்ஸ் அந்தப் பதிப்பின் பெயரிலேயே ‘பயன்படுத்தாதே’ என்று சேர்த்துவிட்டார். உங்கள் நண்பர் போடுவது சோதனைப் பதிப்பு என்றால், வேலைக்கான மெஷினில் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். 2022 அக்டோபரில் இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள சில லேப்டாப்களில் திரை வெள்ளையாக மினுக்கத் தொடங்கியது. எல்சிடி பேனலுக்கு மின்சாரம் கொடுத்து எடுக்கிற இடைவெளியை கர்னல் தவறாகக் கணக்கிட்டதால், பேனலே பழுதாகலாம் என்று இன்டெல் பொறியாளரே எச்சரித்தார். எந்த வெர்ஷனில் என்று பாருங்கள்: 5.19.12. பாயிண்ட் பன்னிரண்டு! அடுத்த 5.19.13-ல் சரிசெய்தார்கள்.

அதைவிட மோசமானது 2023 டிசம்பரில் நடந்தது. உபுண்டுவுக்கே அடிப்படையான, நிதானத்துக்குப் பேர்போன டெபியன் 12.3 வெளியாக வேண்டிய சமயத்தில், அதற்குள் இருந்த 6.1.64 கர்னலில் லினக்ஸில் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் டேட்டா கெடுகிறது என்று தெரிந்தது. ஒரு திருத்தத்தைப் புது கர்னலிலிருந்து 6.1-க்குக் கொண்டுவந்தவர்கள், அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய இன்னொரு திருத்தத்தைக் கொண்டுவரவில்லை. டெபியன் குழு வெளியீட்டை நிறுத்தி, கர்னலை 6.1.66-க்கு மாற்றி, டிசம்பர் 10 அன்று 12.4 என்று வெளியிட்டது. நீண்ட கால ஆதரவு வரிசை, அறுபத்து நான்காவது திருத்தம், அதுவும் டெபியன். காத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் எங்கே இருக்கிறது?

எனவே பாயிண்ட் எத்தனை என்று எண்ணுவதை நான் நம்புவதில்லை. திரும்பிப் போக வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். டெபியனும் உபுண்டுவும் புது கர்னலைப் போடும்போது பழையதை அழிப்பதில்லை. மெஷின் ஆன் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால், எதை பூட் செய்வது என்று கேட்கும் கிரப் மெனு வரும். இரண்டாவது வரியாக ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ இருக்கும். உள்ளே போனால் இருக்கிற கர்னல்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். நேற்று வரை ஓடியதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் நேற்றைய கர்னலோடு மெஷின் எழுந்துவிடும். அவசரத்தில் முதல்முறையாக இதைத் தேடாமல், சும்மா இருக்கும் ஒரு நாளில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எக்ஸ்ட்4 போன்ற விவகாரத்துக்கு இந்த வழி உதவாது. கெட்ட டேட்டா கெட்டதுதான். அதற்கு பேக்கப் ஒன்றுதான் மருந்து.

எங்கள் அலுவலகத்தில் வாசலோரம் ஒரு பழைய மெஷின் இருக்கிறது. பில் பிரின்ட் போடுவது மட்டும்தான் அதன் வேலை. எந்த கர்னலும் முதலில் அதில்தான் ஏறும். சில நாள் சமர்த்தாக ஓடினால்தான் அக்கவுண்ட்ஸ் மெஷினுக்குப் போகும். என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டுபவர்களுக்கும் கூடுதலாக ஒன்று. அந்த டிரைவர்களைப் பெரும்பாலும் ஒவ்வொரு புது கர்னலுக்கும் தனியாக கம்பைல் செய்தாக வேண்டும். அதை டிகேஎம்எஸ் என்ற கருவி தானாகச் செய்யும், சில சமயம் செய்யாது. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் டெர்மினலில் ஓடிய கடைசிச் சில வரிகளை மேலே தள்ளிப் படித்துவிடுங்கள். அங்கே ‘எர்ரர்’ என்று இருந்தால் அடுத்த பூட்டில் கறுப்புத் திரைதான்.

கேள்வி: எங்கள் கல்லூரி சர்வரில் ரெட் ஹாட் கம்பெனியின் லினக்ஸ் 8 ஓடுகிறது, கர்னல் 4.18. ஆடிட்டுக்கு வந்தவர் ஸ்கேனர் ரிப்போர்ட்டைக் காட்டி, இது 2018-ம் ஆண்டு கர்னல், உடனே 6-க்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முதல்வர் என்னைக் கேட்கிறார். (லேப் பொறுப்பாளர், மதுரை)

பதில்: மாற்ற வேண்டாம். 4.18 வந்தது 2018 ஆகஸ்டில் என்பது உண்மைதான். ஆனால் ரெட் ஹாட் அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, புது கர்னல்களில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை அதற்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. ரெட் ஹாட் 8-க்கு இந்தப் பராமரிப்பு 2029 மே வரை உண்டு. முன் எண்ணை மட்டும் பார்க்கிற ஸ்கேனருக்கு இதெல்லாம் தெரியாது. வேறு எங்கிருந்தோ 6-ஐ எடுத்துப் போட்டால் ரெட் ஹாட்டின் ஆதரவை இழப்பீர்கள், ஸ்டோரேஜ் டிரைவர் ஏதாவது கோளாறு செய்தால் கேட்க ஆளும் இருக்காது.

ரிப்போர்ட்டில் உள்ள சிவிஇ எண்களை (ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் தரப்படும் அடையாள எண்) எடுத்துக்கொண்டு, ஆர்பிஎம் கட்டளையில் கர்னல் பேக்கேஜின் சேஞ்ச்லாகை, அதாவது மாற்றங்களின் பட்டியலைக் கேளுங்கள். எந்த எண் எந்தத் திருத்தத்தில் அடைபட்டது என்று வரும். அதை அச்சடித்து ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று முதல்வர் பயந்தால் இதையும் சொல்லுங்கள்: 2024 பிப்ரவரியிலிருந்து கர்னல் குழுவே சிவிஇ எண் கொடுக்கத் தொடங்கி, பாதுகாப்போடு தொடர்பு இருக்கலாம் என்று தோன்றும் சின்னத் திருத்தத்துக்குக்கூட ஒரு எண் போட்டுவிடுகிறது. நீளம் அதனால்தான்.

புதியது எப்போதும் பாதுகாப்பானது என்ற எண்ணமும் ஆடிட்டரிடம் இருந்தால், 2022-ல் வெளிவந்த ‘டர்ட்டி பைப்’ ஓட்டையைக் காட்டுங்கள். அது 5.8-ல் உள்ளே நுழைந்தது. உபுண்டு 20.04-ல் முதலில் வந்த 5.4-ஐயே வைத்திருந்தவர்களை அது தொடவில்லை. புது வரிசைக்கு ஏறியவர்கள்தான் அவசரமாகத் திருத்தம் தேடி ஓடினார்கள். மறுபக்கமும் உண்டு. ‘டர்ட்டி கவ்’ 2007-லிருந்து கர்னலுக்குள் ஒளிந்திருந்து 2016-ல்தான் அடைபட்டது.

ஒரே ஒரு விதிவிலக்கு. இன்னொரு சர்வரில், ரெட் ஹாட்டின் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் 7, கர்னல் 3.10 என்று இருந்தால் ஆடிட்டர் சொல்வது சரி. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ல் முடிந்துவிட்டது. அங்கே கர்னலை மட்டும் மாற்றிப் பயனில்லை, முழு சிஸ்டத்தையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: எங்கள் அச்சகத்தின் சர்வர் இரண்டு வருடமாக ரீபூட்டே இல்லாமல் ஓடுகிறது. அப்டேட்டும் தவறாமல் போடுகிறோம். இது நல்ல மெஷின் என்பதற்கு அடையாளம்தானே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மின்சாரம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். கர்னல் அப்டேட் டிஸ்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், ரீபூட் செய்தால்தான் அது ஓடத் தொடங்கும். இரண்டு வருடமாக நீங்கள் போட்ட கர்னல்கள் எல்லாம் பூட் போல்டரில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, ஓடிக்கொண்டிருப்பது பழையதுதான். யூநேம் காட்டும் எண்ணையும் பூட் போல்டரில் கடைசியாக இருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓடும்போதே ஒட்டுப் போடும் லைவ்பேட்ச் வசதி உபுண்டுவில் உண்டு. தனிநபர் உபயோகத்துக்கு ஐந்து மெஷின் வரை இலவசம். ஆனால் அது முக்கியமான ஓட்டைகளுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அச்சகம் விடுமுறைதானே? பேக்கப் எடுத்துவிட்டு, நீங்கள் நேரில் இருக்கும்போது ரீபூட் செய்யுங்கள். இரண்டு வருடம் சுற்றிய ஹார்டு டிஸ்க் நின்று மறுபடி கிளம்பும்போது சமயத்தில் மக்கர் செய்யும், அதையும் ஞாயிறன்றே தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: கர்னல் அப்டேட் ஆகும்போது ‘பூட்டில் இடமில்லை’ என்று நின்றுவிடுகிறது. (வாசகி, வேலூர்)

பதில்: பழைய கர்னல்கள் சேர்ந்துவிட்டன. ஏப்ட் கட்டளையில் ‘ஆட்டோரிமூவ்’ கொடுங்கள். ஓடுகிற கர்னலை அது தொடாது. பூட் போல்டருக்குள் போய் ஃபைல்களை நீங்களாக அழிக்காதீர்கள்.

கேள்வி: என் ஆண்ட்ராய்டு ஃபோனில் ‘கர்னல் வெர்ஷன் 4.19’ என்று இருக்கிறது. அதை எப்படி ஏற்றுவது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் கையில் இல்லை. ஃபோன் கம்பெனி அனுப்பினால்தான் உண்டு, பெரும்பாலும் வாங்கியபோது இருந்த வரிசையிலேயே ஃபோன் ஆயுள் முழுக்க ஓடும். அதே பக்கத்தில் ‘செக்யூரிட்டி பேட்ச்’ என்று ஒரு தேதி இருக்கும், அதைப் பாருங்கள். அது ஒரு வருடத்துக்கும் மேல் பழையது, அப்டேட்டும் வருவதில்லை என்றால் பேங்க் ஆப்பை வேறு ஃபோனுக்கு மாற்றிவிடுங்கள்.